வேணி சித்தியின் சிரட்டைக் குகைகள்

வேணி சித்தியைக் கள்ளி என்று சொன்ன குரல்செய்தியை, அவள் போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டேன். பின்வாசலில் நின்று, சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். பேசியவர் சித்தியின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் வண்ண மீன் வளர்ப்பவர்கள் சேர்ந்திருக்கும் அந்த வாட்ஸ்அப் குழுவில், கல்லிடைக்குறிச்சி என்று சொன்னாலே அது சித்தி வீடுதான். இந்த ஊரிலிருந்து வேறு யாரும் குஞ்சு கொடுப்பதில்லை.

"அண்ணாச்சிமாரே, ஆலங்குளத்துல இருந்து குற்றாலலிங்கம் பேசுதேன். கல்லிடைக்குறிச்சிக் குஞ்சு வாங்குனவங்க கொஞ்சம் சோதிச்சுப் பாருங்க. நான் வாங்குனது அத்தனையும் ஆணு. மாசக்கணக்கா தீனி போட்டு வளத்து, இன்னைக்குச் சோடி சேரும், நாளைக்குச் சேரும்னு தொட்டியவே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். ஒண்ணையொண்ணு கடிச்சிக்கிட்டுச் சாவுது. பொட்டைய அவங்களே அமுக்கிக்கிட்டு, ஆணை மட்டும் நம்ம தலையில கட்டுதாங்க. அப்பத்தானே நம்ம வீட்டுல குஞ்சு பொரிக்காது? திரும்பத் திரும்ப அவங்க வாசல்லயே போயி நிக்கணும்லா?"

அதன் கீழே வரிசையாகப் பதில்கள். 'எனக்கும் அதே கததான் வே.' 'நான் அப்பமே நெனச்சேன்.' 'சைவக்காரங்க வீட்டுல மீனு வளக்காங்கன்னு சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துது.' ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் பூனைப் படம் போட்டிருந்தார்.

அடுக்களைக்குள் சித்தி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. போனை அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

வேணி என் அம்மாவின் தங்கை. ஐம்பதைத் தாண்டியவள். ஒல்லி. நடக்கும்போது தரையைப் பார்த்தே நடப்பாள். நான் சில வருஷங்கள் ஒரு பையோடு நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, சென்னையில் அம்மா விமான நிலையத்திலேயே கல்யாணப் பேச்சை எடுத்தாள். சித்தி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள், இன்னும் போகவில்லை. இந்த வீட்டில் சித்தி, சித்தப்பா சிவசங்கரன், சித்தப்பாவின் அக்கா சொர்ணாம்பாள் என்று மூன்று பேர். மாடியில் தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடித் தொட்டிகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் மீன்கள்.

சித்திக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மீன் கிரிபென்சிஸ். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் பிறந்த ஜாதி. விரல் நீளம்தான் இருக்கும். முட்டையிடும் காலத்தில் பெண்ணின் வயிறு, நாவல்பழக் கறை பட்ட துணிபோல் சிவந்து ஊதாவாக மின்னும். குகை இல்லாவிட்டால் அது முட்டையே போடாது. இருட்டான இடம் வேண்டும். அதன் கூரையில் முட்டைகளை ஒட்டவைக்கும். பெண் உள்ளே இருந்து வாலால் விசிறிக்கொண்டிருக்க, ஆண் வெளியே காவல் நிற்கும். குஞ்சாக இருக்கும்போது எது ஆண், எது பெண் என்று தெரியாது. மாதங்கள் போய், வளர்ந்து நிறம் வந்தால்தான் தெரியும்.

இதற்கென்றே சுட்ட மண்ணில் செய்த குகைகள் கடைகளில் கிடைக்கின்றன. சித்தி சிரட்டையில் செய்தாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸில், தேங்காய் துருவிப்போட்ட சிரட்டைகளைச் சாக்கில் போட்டு வைத்திருப்பார்கள். அதிலிருந்து கண்ணில்லாத பாதிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவாள். கண் இருக்கும் பாதியில் ஓட்டை விழுந்து வெளிச்சம் வரும், உள்ளே மீன் தங்காது. கண்ணாடித் துண்டால் மேல் நாரான தும்பைச் சுரண்டி, விளிம்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஆக்ஸா பிளேடால் ஒரு வாசல் அறுத்து, உப்புத்தாளால் தேய்ப்பாள். பிறகு பழைய பட்டுச்சேலைத் துண்டை வாசலைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பாள். எங்கேயாவது பட்டு மாட்டினால் மறுபடியும் தேய்க்க வேண்டும். முன்பு உடைந்த பூந்தொட்டித் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தாளாம். அதன் ஓரம் ஒரு தாய் மீனின் விலாவைக் கிழித்துவிட்டதாம். அதிலிருந்து சிரட்டைதான்.

ஒவ்வொரு முறை குஞ்சுகள் வெளியே வந்ததும் பழைய சிரட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைப்பாள். "கழுவி வச்சுக்கிடலாமே சித்தி" என்றதற்கு, "பிள்ள பெத்த எடத்துல அப்பிடியே புழங்க முடியுமாளா? மீனுன்னா தீட்டு இல்லியா?" என்றாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

குரல்செய்தி வந்த மறுநாள் பாளையங்கோட்டைக்குக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு போனேன். சித்தியின் குஞ்சுகளையெல்லாம் வாங்கி விற்பவர் வில்சன். உவரிக்காரர். அவருடைய தாத்தா கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவந்து ஊர் ஊராக விற்றவர். "அவரு செத்த மீன வித்தாரு, நான் உசுரு மீன விக்கேன். அவருக்கு ஐஸு கட்டணும், எனக்குக் காத்து கட்டணும்" என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

"கேட்டியா தங்கச்சி?"

"கேட்டேன். நீங்க ஏன் அண்ணே ஒண்ணுமே சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? இங்கன வா." கடைக்குள்ளே ஒரு தொட்டியைக் காட்டினார். அதில் விற்காமல் தங்கி வளர்ந்துவிட்ட கிரிபென்சிஸ்கள். நீளமாக, கூரான துடுப்புகளோடு, ஒன்றைக் கண்டால் ஒன்று சிலிர்த்துக்கொண்டு நின்றன. "பாத்துக்கோ. எல்லாம் தடியன்மாரு. முன்ன அக்கா பூந்தொட்டித் துண்டு போட்டுக்கிட்டு இருந்த காலத்துல ஆணும் பொட்டையும் கலந்துதான் வந்துது. ஒரு வருசமாத்தான் இப்பிடி. அக்காவுக்குத் தொழிலு படிஞ்சிட்டுன்னு ஆளுக பேசுதாங்க."

"குஞ்சுல எப்படிண்ணே பிரிக்க முடியும்?"

"என்னால முடியாது. அவங்களால முடியுமோ என்னமோ. சாயங்காலம் பூராவும் தொட்டி முன்னாலயே உக்காந்திருக்காங்கல்லா." குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல மூடி வச்ச தொட்டி எதும் கெடக்கா?"

நான் பதில் சொல்லத் தாமதித்தேன். அதை அவர் கவனித்துக்கொண்டார்.

"அக்கா கள்ளின்னு நான் சொல்லல. இல்லன்னும் என்னால அடிச்சுச் சொல்ல முடியல. இந்தக் குழுவுல ஒரு பேரு கெட்டுச்சுன்னா தென்காசியில இருந்து தூத்துக்குடி வரைக்கும் அதுதான் பேச்சு. அவங்க கையால ஒருத்தன் ஒரு குஞ்சு வாங்கமாட்டான். ஞாயித்துக்கெழம நானே வாரேன். வந்து பாத்துட்டா எனக்கும் நிம்மதி."

மூடி வைத்த தொட்டி ஒன்று இருந்தது.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. மேலே ஈரச்சாக்கு. சாக்கு நகராமலிருக்க அதன் மேல் ஓர் அம்மிக்குழவி. நான் வந்த புதிதிலேயே, "அது பக்கம் போவாதட்டி" என்று சித்தி சொல்லியிருந்தாள். சாயங்காலங்களில் முந்தானைக்குள் எதையோ பொத்திக்கொண்டு மாடிக்குப் போவாள். பாதிப் படியில் நின்று கீழே எட்டிப் பார்ப்பாள். எல்லைச் சாவடிகளில் வரிசையில் நிற்கும்போது நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பையில் எதையாவது மறைத்து வைத்திருப்பவர்கள் தங்கள் பையைப் பார்க்கவே மாட்டார்கள். சித்தியும் அந்த நீலத் தொட்டியைப் பார்க்காமல்தான் அதைக் கடந்து போவாள்.

கீழே வேறொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"யாரோ எம் புளிப்பானையில கை வைக்காங்க" என்றாள் சொர்ணாம்பாள் அத்தை, சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது. அடுக்களை அவளுடைய ராஜ்யம். வருஷத்துக்கான புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, மண்பானையில் அடைத்து வைத்திருப்பாள். என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெளிநாட்டுல புளி கெடைக்காதோ? அங்கன திங்காததையெல்லாம் சேத்து இங்கன திங்குதாளோ?"

"அவ புளியத் தின்னு என்னக்கா செய்யப்போறா?" என்றார் சித்தப்பா.

"அதத்தான் நானும் கேக்கேன். கல்யாணமாகாத பிள்ள புளி திங்குதான்னா கேக்கவன் என்ன நெனைப்பான்?"

"நான் எடுக்கல அத்தை."

"நீ எடுக்கல. தம்பி எடுக்கல. வேணி எடுக்கல. புளிக்குக் காலு மொளச்சிருக்கு போல."

சித்தி தலையைக் குனிந்து மோர் ஊற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் படுத்திருந்த நேரத்தில் மாடிக்குப் போனேன். உள்ளே பெண் மீன்கள் இருந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றுதான் இருந்தது. சாக்கில் கை வைத்தேன்.

"என்ன தேடுத?"

சித்தி படிவாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல சித்தி."

"வில்சன் தேடச் சொன்னானோ? பாளையங்கோட்டைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒம் மொகமே சரியில்ல. போனைப் பொத்திப் பொத்தி வைக்குத. அவன் ஒங்கிட்ட என்ன பேசுதான்?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. குற்றாலலிங்கம் பேசியதைப் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை.

"ஞாயித்துக்கெழம வில்சன் அண்ணன் வாராரு. அந்தச் சாக்க ஒருவாட்டி தூக்கிக் காட்டிட்டா முடிஞ்சு போச்சு சித்தி."

"முடியாதுளா" என்றாள். காட்ட முடியாது என்கிறாளா, விஷயம் முடியாது என்கிறாளா என்று விழித்தேன். அவளே உட்கார்ந்து சொன்னாள்.

சித்தப்பா முன்பு நெல் மூட்டைகளைக் கணக்கில் வைக்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தார். குடோனிலிருந்து மூட்டைகள் காணாமல் போயின. வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர்மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வர வருஷங்கள் ஆயின. அந்த வருஷங்களில் துக்கம் கேட்பதுபோல் வந்தவர்கள் எல்லோரும் சித்தியின் காதையும் கழுத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுக்களையில் மிக்ஸி புதுசா என்று கேட்டார்கள். ஒருநாள் சித்தப்பாவின் சொந்தக்காரர்கள் சிலர் வந்து, "பீரோவத் தொறந்து காட்டிரு வேணி, எங்க மனசுல ஒண்ணும் இருக்காதுல்லா" என்றார்கள். திறந்தாள். ஒவ்வொரு சேலையாக எடுத்து உதறி மடித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது பேசிக்கொண்டது இவள் காதில் விழுந்தது.

"அதுல ஒருத்தி என்ன சொன்னா தெரியுமா? 'வேற எங்கயோ வச்சிருக்கா. இல்லன்னா இவ்வளவு சுளுவாத் தொறந்து காட்டுவாளா?'ன்னா." சித்தி சொல்லிவிட்டு வெறும் வாயை மென்றாள். "அன்னையில இருந்து நான் ஒருத்தருக்கும் ஒண்ணையும் தொறந்து காட்டுததில்ல."

மீன் வந்ததும் அந்த நாட்களில்தான். மாற்றலாகிப் போன பக்கத்து வீட்டு வாத்தியார், ஒரு கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த ஒரு சோடியையும் விட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு யாரும் வராத சாயங்காலங்களில் சித்தி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மரக்கறி மட்டும் சமைக்கிற வீட்டில் மீனா என்று சொர்ணாம்பாள் அத்தை ஆடித் தீர்த்துவிட்டு, கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டாள். மீன் மாடியோடு இருக்க வேண்டும். அடுக்களைச் சாமான் ஒரு கரண்டி மேலே போகக்கூடாது. மாடிச் சாமான் எதுவும் கீழே வந்து அடுப்பில் ஏறக்கூடாது.

"சரி, அப்போ அந்தத் தொட்டியில என்னதான் சித்தி இருக்கு?" என்றேன்.

என்னைப் பார்த்தாள். "நீயும் கேட்டுட்ட" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அன்று ராத்திரி என் பக்கத்தில் அவள் படுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, சலவைச் சட்டையோடு வில்சன் வந்தார். சித்தப்பா வாசலுக்குப் போய், "வாரும் வே" என்று கூட்டிக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. அவருக்கும் நான் குரல்செய்தியைச் சொல்லியிருந்தேன். நாலு பேரும் மாடிக்குப் போனோம்.

வில்சன் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். தாய் மீன்கள், பொடிக் குஞ்சுகள், கொஞ்சம் வளர்ந்தவை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

"இதுல என்னக்கா?"

"உங்களுக்கு வேண்டியது ஒண்ணுமில்ல தம்பி."

"வேண்டியதா, வேண்டாததான்னு பாத்தாத்தான தெரியும்?"

"பாக்க வேண்டாம்." சித்தி போய்ச் சாக்குக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"அக்கா, நான் உங்களுக்காகத்தான் கேக்கேன். ஒருவாட்டி தூக்குங்க. ஒரு போட்டோ எடுத்துக் குழுவுல போட்டு அந்த ஆலங்குளத்தாளு வாய அடைச்சிருதேன்."

"காட்டுனா அடையாது."

"காட்டலன்னா நான் என்னன்னு நெனைக்கது? இத்தனை வருசமா உங்க கை மீன கண்ண மூடிக்கிட்டு வாங்கியிருக்கேன்."

"அப்பிடியே வாங்கணும். இல்லன்னா விட்டுரணும்."

சித்தப்பா செருமினார். "வேணி, காட்டித்தான் தொலையேன்."

சித்தி அவர் பக்கம் திரும்பினாள். சித்தப்பா துணி உலர்த்தும் கம்பியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்போ நான் போயி என்ன சொல்லட்டும்?" என்றார் வில்சன்.

"தோணுனதச் சொல்லுங்க."

வில்சன் சட்டைப்பையிலிருந்து பைக் சாவியை எடுத்தார். அவர் அப்படியே இறங்கிப் போயிருந்தால், சித்தியின் பெயர் அன்று சாயங்காலத்துக்குள் முடிந்து போயிருக்கும். நானும் அவள் கள்ளி என்றே நம்பியிருப்பேன். ஆனால் படிவாசலை சொர்ணாம்பாள் அத்தை அடைத்துக்கொண்டு நின்றாள். மீன் வந்த நாளிலிருந்து மாடிக்கு ஏறாதவள். மூச்சு இரைத்தது. உள்ளங்கையில் எதையோ நீட்டிக்கொண்டிருந்தாள்.

"புளிக்கோது" என்றாள். "மூணாம் படியில ஒண்ணு, திருப்பத்துல ஒண்ணு, இங்கன வாசல்ல ஒண்ணு. அப்போ எம் புளி மேல வந்திருக்கு."

எங்கள் யாரையும் அவள் பொருட்படுத்தவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நேராக வந்தாள். சித்தியைத் தோளால் ஒதுக்கினாள். அம்மிக்குழவியை உருட்டித் தள்ளி, சாக்கைப் பிடித்து இழுத்தாள்.

தொட்டி நிறையப் பழுப்புத் தண்ணீர். அதில் கவிழ்ந்து கிடந்த சிரட்டைகள். மேலே கரைத்த புளியின் சக்கை மிதந்தது. ஒரு மீன்கூட இல்லை.

"அடிப்பாவி" என்றாள் அத்தை. "எந்திரிச்சு ஒரு ரசம் வைக்கதுக்கு நான் பாத்துப் பாத்துக் கிள்ளுதேன். இங்கன சிரட்டைக்குப் புளிக்கொழம்பு வச்சிருக்கியே!"

சித்தி கைகளால் முகத்தை மூடிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். வில்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து தண்ணீரில் விரலை விட்டு முகர்ந்தார். பையிலிருந்து, கடையில் தண்ணீர் சோதிக்க வைத்திருக்கும் காகிதப்பட்டை ஒன்றை எடுத்துத் தோய்த்தார். சட்டென்று நிறம் மாறியது. இன்னொன்றைக் குஞ்சுகள் இருந்த தொட்டியில் தோய்த்தார். அவ்வளவு இல்லை, ஆனால் அதே நிறத்தின் பக்கம்தான் மாறியது.

"எதுக்குக்கா புளி?"

"சிரட்டையில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்லா" என்றாள் சித்தி, முகத்திலிருந்து கையை எடுக்காமல். "பிசுக்கு இருந்தா முட்டை ஒட்டாது. அடுப்புல போட்டு அவிக்கணும்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க. மீனுக்குப் போற சாமான மதினி அடுப்புல எப்பிடி ஏத்த? அதான் குத்துவிளக்கு வெளக்குத மாதிரி புளியில ஊறப்போட்டேன்."

"ஊறப்போட்டு?"

"ஒருவாட்டி அலசிட்டுத் தொட்டிக்குள்ள வச்சிருவேன்."

"ஒவ்வொரு ஈத்துக்கும் புதுச் சிரட்டை, புதுப் புளி?"

"பின்ன, தீட்டுல்லா தம்பி."

வில்சன் வெறுந்தரையில், சலவை வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். "சிங்கப்பூர்ல இருந்து மீனு எறக்குத ஒருத்தன் எங்கிட்ட சொன்னான். நாந்தான் நம்பல. இந்த மீனு முட்டையில இருந்து வந்த புதுசுல தண்ணி புளிச்சுக் கெடந்தா, பெரும்பாலும் ஆணாத்தான் ஆகுமாம். நம்ம ஆத்துத் தண்ணி போருத் தண்ணி மாதிரி இல்ல, உப்பில்லாத மெதுவான தண்ணி. இத்தினிப் புளிப்பு எறங்குனாலும் தாங்காது, மாறிப்போயிரும். சிரட்டைச் சாறு வேற சேருது. நீங்க பொட்டைய ஒளிக்கலக்கா. பொறக்கவே விடல."

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்போ எம் புளியிலதான் ஆம்பளப் பிள்ளையாப் பொறந்துச்சோ? இத வெளிய சொல்லிராதிய. ஊருல ஒரு வீட்டுலயும் ரசத்துக்குப் புளி மிஞ்சாது."

சித்தப்பாவும் வில்சனும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. "அப்போ அந்த ஆளு சொன்னது நெசந்தான். நாந்தான் செஞ்சிருக்கேன்" என்றாள்.

"தெரியாமத்தானக்கா."

"தெரியாமன்னாலும் நாந்தான."

வில்சன் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் குழுவில் போட்டார். சிரட்டைத் தொட்டியின் படத்தையும் சேர்த்தார். சித்தி தடுக்கவில்லை. அவர் பாளையங்கோட்டை போய்ச் சேர்வதற்குள் பதில்கள் வந்துவிட்டன. சிலர் சிரித்திருந்தார்கள். சிலர் எந்தப் புளி, எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள். குற்றாலலிங்கம் மறுபடியும் பேசியிருந்தார்.

"வில்சன் அண்ணாச்சி, நீரும் கூட்டா வே? தெரியாமப் போட்டாங்களாம், அதுவும் ஒரு வருசமா! புளி போட்டா ஆணு பொறக்கும்னு தெரிஞ்சேதான் போட்டிருக்காங்க. பொட்டைய அமுக்குததவிட இது பெரிய மூளை வே. ஒரு தடயமும் இருக்காதுல்லா."

இதைச் சித்தியிடம் போட்டுக் காட்டலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவளே வந்து கையை நீட்டினாள். கேட்டாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சத்தமாக, தலையை நிமிர்த்தி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். உள்ளேயிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"இந்தாருங்க, கேட்டியளா? எனக்குப் பெரிய மூளையாம்! எங்க வீட்டுலகூட ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்ல."

பிறகு, "இதுல எப்பிடிளா பேசணும்?" என்று என்னிடம் கேட்டாள். பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொடுத்தேன்.

"நான் கல்லிடைக்குறிச்சி வேணி பேசுதேன். வில்சன் தம்பி சொன்னது நடந்ததுதான். நம்புதவங்க நம்புங்க. சிரட்டையில கண்ணில்லாத பாதியா எடுங்க. தும்பச் சுரண்டுங்க. கட்டைவெரலு நொழையுத அளவுக்கு வாசல் அறுத்து, மழமழன்னு தேயுங்க. அடுப்புல போட்டுக் கொதிக்க வைங்க. பழுப்புத் தண்ணியக் கொட்டிக் கொட்டி, வெள்ளைத் தண்ணி வரும்வரைக்கும் கொதிக்கணும். புளி போடாதிய. இப்பிடிச் செஞ்சா எங்கிட்ட குஞ்சு வாங்க வேண்டாம், நீங்களே பொரிச்சுக்கிடலாம். ஆணா வச்சிக்கிட்டுக் கெடக்கவங்களுக்கு அடுத்த ஈத்து வளந்ததும் பொட்டை தாரேன். ஆலங்குளத்து அண்ணாச்சி, நீங்க நேர்ல வாங்க. எங்க வேணும்னாலும் பாருங்க."

"யாருக்கும் எதையும் காட்டமாட்டேன்னீங்களே சித்தி?" என்றேன்.

"அது வேறளா. அன்னைக்குப் பீரோவுல ஒண்ணும் இல்ல, நான் ஒரு தப்பும் செய்யல. இதுல நான் செஞ்சிருக்கேன்லா."

கொல்லையில் மூன்று செங்கல் வைத்து அடுப்புப் போட்டோம். சொர்ணாம்பாள் அத்தை அதற்கு அனுமதி கொடுத்தாள். ஆனால் தீப்பெட்டி கொடுக்கவில்லை, தனியாக வாங்கிக்கொள்ளச் சொன்னாள். நான் ஊருக்குக் கிளம்புவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கொதிக்கவைத்த சிரட்டையில் பொரித்த ஈத்துக் குஞ்சுகள் வளர்ந்து, சிலவற்றின் வயிற்றில் ஊதா நிறம் எட்டிப் பார்த்தபோது சித்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாங்கிப்போனவர்கள் ஒவ்வொருவராக வந்து பொட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் கொதிக்கவிட வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

குற்றாலலிங்கம் பொங்கல் கழிந்து வந்தார். கனத்த ஆள், அடர்ந்த மீசை. தண்ணீர் சோதிக்கும் பட்டைகளைச் சொந்தமாகவே கொண்டுவந்திருந்தார். காப்பி கொடுத்தபோது, "அப்புறமா குடிக்கேன்" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார். மாடியில் ஒவ்வொரு தொட்டியிலும் பட்டையைத் தோய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். நீலத் தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினார். அதில் இப்போது வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"தெருப்பக்கத்துத் தொட்டி மட்டும் ஏன்க்கா இருட்டா கெடக்கு?"

"அங்கன வெயிலு படாது அண்ணாச்சி."

"ஏன் படாது?"

"எதுத்த வீடு மறைக்கி."

எதிர்த்த வீட்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டார். அவருக்கான பொட்டை மீன்களைப் பையில் போட்டுக் காற்றடைத்துக் கட்டி, சித்தி கொல்லையில் நிழலில் வைத்திருந்தாள். கீழே வந்து அவற்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகும் கிளம்பவில்லை. சித்தி அவர் கையில் ஒரு சிரட்டையையும் பிளேடையும் கொடுத்து, "பேசிக்கிட்டே அறுங்க" என்றாள். கல்லில் உட்கார்ந்து அறுத்தார். கை நன்றாகத்தான் ஓடியது. கண்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குக்கா?"

"கக்கூஸ் அண்ணாச்சி."

சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மடியில் விழுந்திருந்த தூளைத் தட்டினார். போய்க் கதவைத் திறந்து, தலையை உள்ளே நீட்டிப் பார்த்து, சாத்திவிட்டு வந்தார்.

"மேல ஒரு பரண் தெரியுதே?"

சித்தி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சிரட்டைகளைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏணி அங்கன கெடக்கு."